நேற்று 71.2, இன்று 72.6: எடைக் கேள்விகள்

வெள்ளி இரவு மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிட்டேன். சனிக்கிழமை காலை 1.4 கிலோ கூடியிருக்கிறது. ஒரே ராத்திரியில் இவ்வளவு கொழுப்பா? (வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். அன்றாடச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு டசன் தட்டு மீ கோரேங் உள்ளே போனால்தான் அது நடக்கும். கூடியதில் பெரும்பகுதி தண்ணீர். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்து கிளைகோஜனாக, அதாவது தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பாகச் சேரும்போது, கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும். மிச்சம், இன்னும் செரிக்காத மீ கோரேங். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். பட்டினி கிடக்க வேண்டாம்.

காலை, மதியம், இரவு மூன்று வேளையும் எடை பார்க்கிறேன். எது சரி? (ஜூரோங் வெஸ்ட்)

மூன்றும் சரிதான், மூன்று வேளை பார்ப்பதுதான் தப்பு. காலையில் கழிவறை போய்வந்து, தேத்தண்ணி குடிக்கும் முன் ஒருமுறை, அதே மெஷினில். ஏழு நாள் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இதை எத்தனை தடவைதான் எழுதுவது!

எடை குறையவே இல்லை. ஏன்? (ஊர் இல்லை)

உயரம் இல்லை, வயது இல்லை, எத்தனை வாரமாக என்பதும் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

டீடாக்ஸ் டீ குடித்து மூன்று நாளில் 2 கிலோ குறைத்தேன். நிறுத்தியதும் ஏறிவிட்டது. தொடரலாமா? (தெம்பனிஸ்)

கூடாது. நீங்கள் அனுப்பிய பாக்கெட் படத்தில், பின்பக்கம், பொடி எழுத்தில் ‘சென்னா’ என்று இருக்கிறது, பார்த்தீர்களா? அது நம் ஊர் நிலாவரைதான். பேதிக்குக் கொடுப்பது. குடல் காலியானதை எடை குறைந்த கணக்கில் எழுதிவிட்டார்கள். கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது. நாள்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கும், அப்புறம் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

இதே ரகம்தான் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பிளாஸ்டிக் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஓடுவது. 32 டிகிரி வெயிலில் வேர்த்து ஒரு கிலோ போகும், தண்ணீர் குடித்ததும் வந்துவிடும். இடையில் வெப்பத்தாக்கு வந்து விழாமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இணையத்தில் வாங்கும் மாத்திரைகள் இன்னும் மோசம். சிலவற்றில் சிபுட்ரமின் என்ற பசியடக்கி கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. இதயத்துக்கு ஆகாது என்று 2010இல் இங்கே விற்பனையிலிருந்து எடுத்த மருந்து அது. மூன்று நாளில் இரண்டு கிலோ என்று யார் சொன்னாலும் அவர் விற்பது தண்ணீரை. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம்.

மாதவிடாய்க்கு முன் எடை கூடுகிறதே? (பொங்கோல்)

பலருக்கும் கூடும், ஒன்றிரண்டு கிலோகூட. போன மாதத்தின் அதே நாளோடு ஒப்பிடுங்கள்.

ஜிம் சேர்ந்து இரண்டு வாரம். குறைவதற்குப் பதில் கூடுகிறது. (உட்லண்ட்ஸ்)

வலிக்கிற தசை தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஜிம் போகிறவர்கள் தசை பலத்துக்கு எடுக்கும் கிரியேட்டின் பொடியும் தண்ணீரைச் சேர்க்கும். இடுப்பை டேப்பால் அளந்து வாருங்கள். மெஷினை வைத்து முடிவு செய்ய ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

இதய நோயுள்ள அப்பாவுக்கு இரண்டு நாளில் 2 கிலோ கூடிவிட்டது. கால் வீங்கியிருக்கிறது. இதுவும் உப்பினாலா? (பிடோக்)

இதற்கு என் பதிலுக்காகக் காத்திருக்கவே கூடாது. இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மூச்சு வாங்கினால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.