காசு வராத வேலை

கேள்வி: கணினித் துறையில் நல்ல சம்பளம் வாங்கும் என் மகன், ஊருக்கு வந்தாலும் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, யார் யாரோ இலவசமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு நிரல் எழுதுகிறான். கேட்டால், "இது கலை அப்பச்சி, வியாபாரமில்லை" என்கிறான். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன வீட்டில் இப்படியொரு பிள்ளையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் மகன் சொன்னதில் பாதி தவறு, நீங்கள் கேட்டதில் முக்கால்வாசி தவறு.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் என்பதால் அவர்கள் குழம்பலாம். இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று தமிழில் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் நாம் குழம்புவானேன்? கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். காசு வாங்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. இந்த இயக்கத்தை 1983இல் அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மனே, உரை எழுதித் திருத்த உதவும் தம்முடைய ஈமேக்ஸ் நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர்தான். எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்தே வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தக் கணக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

கலை என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கும் முன் உங்கள் வீட்டுத் தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடிச் சில்லின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக நிறக்குழம்பை ஊற்றி, ஒரு நிறம் அடுத்ததில் கலந்துவிடாமல் அச்சைத் தூக்குவதை நின்று பார்த்திருக்கிறேன். மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால், கண்ணாடி கழன்ற பக்கம் முகம் தெரிகிற மாதிரி பளபளக்கிறது. அது விலைக்குப் போகும் சரக்குத்தான். அதற்காக அச்சைத் தூக்கிய கைக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறதா?

பத்திரிகைக்காரன் என்பதால் கணினி அறிஞர் டொனால்டு நூத்தின் கதை எனக்குப் பிடிக்கும். தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியின் அழகின்மையைப் பொறுக்காமல், 1977இல் தாமே டெக் என்ற எழுத்துக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கினார்; சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிற்று. நிரலை எல்லோருக்கும் திறந்து கொடுத்ததோடு, அதில் பிழை கண்டுபிடித்தவர்களுக்குக் கைக்காசிலிருந்து காசோலையும் அனுப்பினார்.

மகனிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இணையத்தில் பாதிக்குமேல் தகவலைப் பிறர் படிக்காமல் பூட்டி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற நிரலை நம்பியிருந்த காலத்தில், அதைப் பராமரித்த சிலருக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். 2014இல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டு உலகமே பதறிய பிறகுதான் பெரிய நிறுவனங்கள் பையைத் திறந்தன. கலை என்று புகழ்ந்தே கூலியை மறந்துவிடுகிற வழக்கம் அங்கும் உண்டு. உங்கள் மகன் எழுதுவதை எந்த நிறுவனமாவது வைத்துச் சம்பாதிக்கிறதா, அது இவருக்கு என்ன கொடுக்கிறது என்று வியாபாரியாகவே கேளுங்கள்.

இரவு இரண்டு மணி வரை விழிப்பதற்குத் திட்டுவதானால், அதில் நான் உங்கள் கட்சி.