முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு இரண்டு பக்கமா?

கேள்வி: சென்ற இதழில் ஜப்பான் பெண்கள் மல்யுத்தத்துக்கு இரண்டு பக்க விமர்சனம் போட்டிருக்கிறீர்கள். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஆடும் போலிச் சண்டை அது. அதிலும் பெண்கள் தலைமுடியைப் பிடித்து அடித்துக்கொள்வதைப் பற்றி நமக்கு என்ன? நல்ல பத்திரிகை இடத்தை இப்படி வீணாக்கலாமா? இந்தப் பகுதியை நிறுத்துவீர்களா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நிறுத்த மாட்டோம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களுக்கு இருக்கும் கோபம் இன்னும் பலருக்கும் இருக்கிறது.

முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது என்கிறீர்கள். ஆமாம், அப்படித்தான். எங்கள் விமர்சனம் அதை மறைக்கவில்லை. விடிய விடியக் கூத்துப் பார்க்கிறவர்களில் பதினெட்டாம் போரில் துரியோதனன் விழுவான் என்று தெரியாதவர் யார்? அன்றைக்கு வேஷம் கட்டியவர் எப்படி ஆடினார் என்பதுதானே மறுநாள் பேச்சு. மல்யுத்த விமர்சனத்தின் வேலையும் அதுதான். எந்த இடத்தில் ஆட்டம் நம்பும்படி இருந்தது, எங்கே இழுத்தடித்தது, யார் யாரைத் தாங்கினார், கூட்டம் எப்போது வாயடைத்துப் போனது என்று சொல்ல வேண்டும். வெற்றி தோல்வி மட்டுமே செய்தி என்றால் ஒரு வரி போதும், விமர்சகர் தேவையில்லை.

நாங்கள் எழுதியது 2025 ஏப்ரல் 27 அன்று யோகோஹாமா அரீனாவில் சயா காமிதானியும் தாம் நகானோவும் மோதிய ஆட்டத்தைப் பற்றி. தோற்பவர் மல்யுத்தத்தையே விட்டுவிட வேண்டும் என்பது பந்தயம். ஒரே இரவில் முளைத்த பகை அல்ல அது. நகானோ முன்பு ஆடல் பாடல் குழுக்களில் இருந்தவர். பெண்கள் மல்யுத்தம் நடத்தும் ஸ்டார்டம் நிறுவனத்தில் அவர் அமைக்க முயன்ற அப்படி ஒரு குழுவுக்காக வந்து சேர்ந்த பெண்தான் காமிதானி. 2019இல் மல்யுத்த வீராங்கனையாக அறிமுகமானார். 2021 டிசம்பர் 29 அன்று தோக்கியோவின் ரியோகோகு கொகுகிகான் அரங்கத்தில் நகானோவை வென்று வெள்ளை பெல்ட் என்னும் பட்டத்தைப் பறித்தார். 2024 ஜூலையில் தோழிகளைக் கைவிட்டு வில்லிகளின் அணிக்குத் தாவினார். அந்த ஆண்டு டிசம்பர் 29, அதே அரங்கம், அதே நகானோ. இந்த முறை பறிபோனது நிறுவனத்தின் தலைமைப் பட்டமான சிவப்பு பெல்ட். 2025 மார்ச் 3 அன்று, தோற்பவர் நிறுவனத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு மீண்டும் மோதினார்கள். நகானோ தோற்றார், வெளியேறினார். இழக்க இனி மல்யுத்த வாழ்க்கை ஒன்றுதான் மிச்சம் என்ற நிலையில் யோகோஹாமாவுக்கு வந்தார். அங்கேயும் தோற்று, அன்றோடு ஓய்வு பெற்றார்.

ஐந்தரை ஆண்டுகளாக ஒவ்வொரு செங்கலாக வைத்துக் கட்டிய கதை இது. தன்னை அழைத்து வந்தவரைத் தானே அனுப்பிவைக்கும் பெண்ணாக நிற்க வேண்டிய பொறுப்பு காமிதானிக்கு. வில்லியாகவும் இருக்க வேண்டும், அந்தக் கடனும் முகத்தில் தெரிய வேண்டும். அதை அவர் நிறைவேற்றினார் என்று எங்கள் விமர்சனம் சொன்னது. நானும் அதையே சொல்கிறேன். முடிவை யார் எழுதியிருந்தாலும் சரி, நகானோ அந்த இரவோடு ஓய்வு பெற்றது உண்மை.

இனி 'போலி' என்ற சொல்லுக்கு வருகிறேன். காமிதானியின் பெயரை ஊரறியச் செய்த ஒரு பாய்ச்சல் உண்டு; ஃபீனிக்ஸ் ஸ்பிளாஷ் என்பார்கள். கீழே படுத்திருக்கும் எதிராளிக்கு முதுகைக் காட்டியபடி மேல்கயிற்றில் ஏறி நிற்பார். பின்பக்கமாகத் துள்ளி, காற்றிலேயே உடலைத் திருப்பி, ஒரு கரணமும் அடித்து நெஞ்சால் வந்து விழுவார். துள்ளும் கணத்தில் கீழே இருப்பவர் அவருடைய கண்ணுக்குத் தெரியமாட்டார். கீழே இருப்பவர் ஒரு சாண் நகர்ந்துவிட்டால் மேலே இருப்பவரின் முழங்கால் போகும். மேலே இருப்பவர் அரை நொடி தாமதித்தால் கீழே இருப்பவரின் விலா போகும். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பினால் மட்டுமே நடக்கக்கூடிய காரியம். எதிராளியைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டித் தூக்கித் தலைக்கு மேலாகப் பின்னால் எறியும் ஜெர்மன் சூப்ளெக்ஸும் அப்படித்தான். எறியப்படுபவர் தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்து மேல்முதுகில் விழ வேண்டும். எறிந்தவர் கால்விரல் நுனியும் உச்சந்தலையும் மட்டும் தரையில் பட வில்லாக வளைந்து, நடுவர் மூன்று எண்ணும்வரை அசையாமல் தாங்க வேண்டும்; தோள் தரையில் பட்டபடியே மூன்று எண்ணி முடிந்தால் கீழே இருப்பவர் தோற்றார். இந்த விழும் வித்தை கைகூடாமல் ஒருவரையும் மேடையேற்றக் கூடாது என்பது அந்தத் தொழிலின் பால பாடம்.

கைகூடியவர்களுக்கும் தப்பும். 1997 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் நடந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்ட பிளம் மரிகோ மறுநாள் இறந்தார். 29 வயது. 1987இல் அகிரா ஹொகுதோவுக்கு 19 வயதில் கோதாவிலேயே கழுத்தெலும்பு முறிந்தது. தலையைத் தன் கைகளாலேயே பிடித்துக்கொண்டு ஆட்டத்தை முடித்தார். ரசிகர்கள் இதை வீரக்கதையாகச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. அந்தப் பெண்ணின் துணிவுக்குத் தலை வணங்குகிறேன். அந்த ஆட்டத்தை அந்தக் கணத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். இன்றைய ஆட்டங்களிலும், கூட்டத்தை எழுப்ப வேண்டும் என்பதற்காக எதிராளியைக் கழுத்து மடங்கும்படி எறிவதும், ஒவ்வொரு பெரிய அடிக்கும் பிறகு மூன்றாவது எண்ணிக்கைக்குச் சற்று முன் தோளை உயர்த்திக் காட்டுவதும் கூடிக்கொண்டே போகின்றன. ஒருமுறை செய்தால் நெஞ்சு பதறும். பத்து முறை செய்தால் பதறாது, கழுத்து மட்டும் தேயும். பட்டத்துக்கான ஆட்டங்களில் வில்லி அணியின் ஆட்கள் நாற்காலியோடு உள்ளே புகுந்து குழப்புவதும் அளவு மீறிவிட்டது. இரண்டு பேர் கட்டி எழுப்பிய ஆட்டத்தை ஆறு பேர் சேர்ந்து இடிக்கிறார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொல்லத்தான் விமர்சனம். 'எல்லாம் போலி' என்று ஒதுக்குகிறவருக்கு நல்ல ஆட்டத்துக்கும் ஆபத்தான ஆட்டத்துக்கும் வேறுபாடு தெரியப் போவதில்லை.

தலைமுடியைப் பிடித்து அடித்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய வரலாற்றில் முடிக்கு ஓர் இடம் உண்டு. அதைச் சொல்ல நீங்களே வழி செய்துவிட்டீர்கள். 1985 ஆகஸ்ட் 28, ஒசாகா-ஜோ ஹால். பள்ளி மாணவிகளின் தெய்வமாக இருந்த சிகுசா நாகாயோவும், சங்கிலியும் முள்கரண்டியுமாக வலம் வந்த டம்ப் மாட்சுமோட்டோவும் மோதினார்கள். தோற்பவருக்கு மொட்டை. நாகாயோ இரத்தம் வழியத் தோற்றார். கழுத்தில் சங்கிலியோடு நாற்காலியில் உட்காரவைத்து முடியை மழித்தார்கள். அரங்கு நிறைந்த சிறுமிகள் கதறி அழுதார்கள். தொலைக்காட்சியும் அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. அன்றைக்கு அந்தச் சிறுமிகள் யாருக்காக அழுதார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெண் என்றால் அடங்கி நிற்க வேண்டும் என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்தவர்கள், அடித்து ஆடி முன்னேறும் ஒரு பெண்ணை முதல்முறையாகத் தங்களுடையவளாகக் கண்டிருந்தார்கள்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2021 மார்ச் 3 அன்று, தோக்கியோவின் புகழ்பெற்ற நிப்பான் புடோகான் அரங்கத்தில் அதே பந்தயம் மறுபடி வந்தது. மோதியவர்கள் இதே தாம் நகானோவும் ஜூலியாவும். தோற்ற ஜூலியாவை யாரும் சங்கிலி போட்டு இழுக்கவில்லை. தானே நாற்காலியில் உட்கார்ந்து முடியைக் கொடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஆளாக மொட்டைத் தலையோடு எழுந்தார். பழைய அவமானச் சடங்கை அப்படியே எடுத்து அதன் பொருளை மாற்றிவிட்டார்கள். அண்மைக்கால ஆட்டங்களில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். யோகோஹாமா ஆட்டம்கூட எனக்கு இதற்கு அடுத்தபடிதான்.

மேலே சொன்ன ரியோகோகு கொகுகிகான், ஜப்பானின் மரபு மல்யுத்தமான சுமோவின் தலைமை அரங்கம். சுமோவின் புனித மண்மேடையில் பெண் கால் வைக்கக் கூடாது என்ற தடை இன்றும் இருக்கிறது. 2018இல் மாய்சுரு நகரில் மேடையில் மயங்கி விழுந்த மேயருக்கு முதலுதவி செய்ய ஓடிய பெண்களைக்கூட நடுவர் ஒலிபெருக்கியில் இறங்கச் சொன்னார். பிறகு சுமோ சங்கம் மன்னிப்புக் கேட்டது, தடையை எடுக்கவில்லை. அந்த அரங்கத்தின் மண்மேடையைத் தரைக்குக் கீழே இறக்கி மூடிவிட்டு, மேலே கோதா அமைத்துத்தான் காமிதானியும் நகானோவும் மோதினார்கள். பெண்கள் மல்யுத்தம் வெறும் கூச்சல் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றையாவது கருத்தில் கொள்ள வேண்டும்.

எங்கள் விமர்சனத்தில் வீராங்கனைகளின் தோற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அது நாங்கள் வகுத்துக்கொண்ட விதி. ஸ்டார்டத்தின் ஹானா கிமுரா 2020 மே 23 அன்று 22 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், தன் கோதா உடையைத் துவைத்து உலர்த்திச் சுருங்கவைத்த இளைஞனிடம் அவர் கோபப்பட்டதைப் பார்த்துவிட்டு, முகம் தெரியாதவர்கள் இணையத்தில் அவர்மீது வசைமாரி பொழிந்தார்கள். அவருடைய தாயும் முன்னாள் வீராங்கனை. அவர் விடாமல் போராடினார். 2022இல் ஜப்பான் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையை ஓராண்டு சிறைவரை உயர்த்தியது. ஆட்டத்தை எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம். ஆளை எழுதக் கூடாது.

நமக்கு என்ன என்று கேட்டீர்கள். இதே பக்கங்களில் ஸ்பெயின் கால்பந்தும் விம்பிள்டனும் வந்தபோது நீங்கள் அப்படிக் கேட்டு எழுதவில்லை.

யோகோஹாமா ஆட்டம் முடிந்த இரண்டாம் நாள், ஏப்ரல் 29 அன்று, தோக்கியோவின் கொராகுவென் ஹாலில் மெய்கோ சதோமுரா விடைபெற்றார். அவரைப் பற்றிச் சொல்ல மீண்டும் நாகாயோவிடம் போக வேண்டும். நாகாயோ ஆடிய நிறுவனத்தில் 25 வயதைத் தாண்டினால் போய்விட வேண்டும் என்ற எழுதாத சட்டம் இருந்தது. மது, புகை, காதல் மூன்றுக்கும் தடை இருந்தது. நாட்டையே அழவைத்த அந்த வீராங்கனை 1989இல் 24 வயதிலேயே ஓய்வுபெற்றார். அவர் அதோடு முடங்கவில்லை. திரும்பி வந்து, காயா ஜப்பான் என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். 1995 ஏப்ரல் 15 அன்று நடந்த அதன் முதல் நிகழ்ச்சியில் மேடையேறிய அவருடைய மாணவிகளில் ஒருத்திதான் 15 வயது சதோமுரா. பின்னாளில் சதோமுரா தோக்கியோவை விட்டு வடக்கே செந்தாய் நகரில் தனக்கென்று ஒரு நிறுவனத்தை வளர்த்தார். 2011இல் அந்தப் பகுதியை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் புரட்டிப்போட்ட பிறகும் அதை விடாமல் நடத்தினார். சிஹிரோ ஹாஷிமோட்டோ போன்ற பலசாலிகளைப் பயிற்றுவித்தார். 30 ஆண்டுகள் ஆடி, 45 வயதில், போகும் நாளைத் தானே குறித்துக்கொண்டு போனார். சென்ற இதழில் அவருக்கு ஒரு பெட்டிச் செய்தி மட்டுமே தர முடிந்தது. அடுத்த இதழில் அவருக்கு மட்டும் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.