வலி மாத்திரையும் அம்மாவின் வயிறும்

தம்பி, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மா, மூட்டுவலிக்கு விடியற்காலையில் வெறும் வயிற்றில் டைக்ளோஃபினாக் போடுகிறார், வயிறு எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் குறையலாம். புண் வராது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ரத்தத்தில் கலந்த பிறகும் இந்த மருந்து, இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது. ஊசியாகப் போட்டாலும் அதே ஆபத்துதான். மருத்துவரிடம், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை தேவையா என்று கேளுங்கள். இங்கே பூப்பாறையில் என் அம்மாவுக்கு அதை எழுதிக் கொடுத்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு, கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) கூடக் குடிக்காமல் போடுவார். அப்புறம், அம்மா இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுக்கிறாரா? இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாமல், கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலம் தார்போலக் கறுத்துப் போனால் வேலைநாள் பார்க்காமல் அன்றே தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.