தோற்ற பின் வென்றவருக்குத் துணைநின்ற வெண்டெல் வில்கி

அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்றவர்களுள் நாட்டுக்குப் பெரும்பணி ஆற்றியவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். 1896, 1900, 1908 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனைப் பலர் குறிப்பிடக்கூடும். நான் வெண்டெல் வில்கியையே சொல்வேன்.

வழக்கறிஞராகவும் மின்சார நிறுவனத் தலைவராகவும் இருந்த வில்கி, சில காலம் முன்பு வரை ஜனநாயகக் கட்சிக்காரர். மக்கள் வாக்களித்துத் தரும் எந்தப் பதவியையும் அதுவரை வகித்ததில்லை. அப்படிப்பட்டவரை 1940-இல் பிலடெல்பியா மாநாட்டின் ஆறாவது சுற்று வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சி தன் வேட்பாளராக்கியது. ஜனநாயகக் கட்சியின் சார்பில் மூன்றாம் முறையாக நின்ற அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைக் கடுமையாக எதிர்த்தபோதும், கட்டாய இராணுவச் சேவை, பிரிட்டனுக்கு உதவி ஆகிய இரண்டையும் அவர் ஆதரித்தார். முடிவில் ரூஸ்வெல்ட் 449 தேர்வாளர் வாக்குகளையும் (அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளின் வாக்குகள்) வில்கி 82 வாக்குகளையும் பெற்றனர்.

என்னை ஈர்ப்பது அதற்குப் பிந்தைய வில்கிதான். 1941 ஜனவரியில், ஜெர்மானியக் குண்டுவீச்சுக்கு உள்ளாகியிருந்த லண்டனுக்கு அவர் புறப்பட்டபோது, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலிடம் சேர்க்குமாறு அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் கவிதை வரிகளைத் தம் கைப்பட எழுதி ரூஸ்வெல்ட் அவரிடம் கொடுத்தனுப்பினார். நேச நாடுகளுக்கு ஆயுதங்களைக் கடனாகவும் குத்தகையாகவும் வழங்கும் மசோதா அப்போது நாடாளுமன்றத்தின் முன் இருந்தது. குடியரசுக் கட்சியினரில் பெரும்பாலோர் அதை எதிர்த்தனர். பயணத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பிய வில்கி, பிப்ரவரியில் செனட் வெளியுறவுக் குழுவின் முன் மசோதாவை ஆதரித்துச் சாட்சியம் அளித்தார். ரூஸ்வெல்ட் நாட்டைப் போரில் இழுத்துவிடுவார் என்று தாம் பிரசாரத்தில் சொன்னதை அங்கே செனட்டர்கள் எடுத்துக்காட்டி மடக்கியபோது, அது தேர்தல் மேடைப் பேச்சு என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலைப் பலவீனமாகக் கருதுவோர் உண்டு. சொந்தக் கட்சியின் செனட்டர்கள் முன் அதைச் சொல்வதற்குப் பெரும் துணிவு வேண்டும் என்பதே என் கருத்து. மார்ச் 11 அன்று மசோதா சட்டமாயிற்று.

கட்சி அவரை மன்னிக்கவில்லை. 1944-இல் மீண்டும் வேட்பாளராக முயன்றபோது, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான விஸ்கான்சின் மாநில முதனிலைத் தேர்தலில் ஒரு மாநாட்டுப் பிரதிநிதியைக்கூட வெல்ல முடியாமல் விலகினார். கட்சி தாமஸ் டூயியைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில், தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, 52 வயதில் வில்கி காலமானார்.