வாசகர் கேள்வி: ஹலால் முத்திரை எதுவரை செல்லும்?

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு 150 பேருக்கு ஆட்டுக்கறி பிரியாணி. பாதிப் பேர் முஸ்லிம் அக்கம்பக்கத்தார். சமையல்காரர், "ஹலால் கறிதான் வாங்குறேன்" என்கிறார். போதுமா?
– வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: போதாதும்மா. கறி ஹலாலாக வந்தாலும், பன்றி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் பட்டால் அதோடு போச்சு. சமையல்காரரிடம் சான்றிதழைக் கேளுங்கள். அதில் கடைப் பெயரும் முகவரியும் அவர் சமைக்கும் இடத்தோடு பொருந்த வேண்டும், காலாவதி தேதி தாண்டியிருக்கக் கூடாது. ஒரு கிளைக்குத் தந்த சான்று அடுத்த கிளைக்குச் செல்லாது. சான்றே இல்லையென்றால், அன்றைய கறி பில்லையும், சீல் பிரிக்காத பெட்டியையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். கறி மசாலாவோடு நிற்காமல், ஸ்டாக் கட்டி (சுவைக்குக் கரைத்துச் சேர்க்கும் கறிச்சாறுக் கட்டி), எண்ணெய் எல்லாவற்றின் லேபிளையும் பார்க்கலாம்.

தப்பு நடப்பது பெரும்பாலும் அறுக்கும் இடத்தில் அல்ல. பெட்டியைப் பிரித்து, கொத்தி, தராசு ஸ்டிக்கர் ஒட்டித் தட்டில் அடுக்கும் இடத்தில்தான். 2013-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, நம் நாட்டு ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 139 இறைச்சிப் பண்டங்களைச் சோதித்தார்கள்: கொத்துக்கறி, பர்கர், சாசேஜ் போன்றவை. 68 சதவீதத்தில் லேபிளில் சொல்லாத ஏதோ ஒன்று இருந்தது. அதில் பன்றியும் உண்டு. ஆகவே கொத்துக்கறி வாங்காமல், எலும்போடு துண்டாகவே வாங்குங்கள். பிரியாணிக்கும் அதுதான் ருசி.

கேள்வி: புரட்டாசியில் ஹலால் முத்திரை போட்ட மார்ஷ்மெல்லோ பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வேண்டாம். ஹலால் என்றால் சைவம் என்று பொருளில்லை. மார்ஷ்மெல்லோவைக் கெட்டியாக்கச் சேர்ப்பது ஜெலட்டின்; ஹலால் முறையில் அறுத்த மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினும் முத்திரை பெறும். மாட்டுக்கறி தொடாத வீடுகள் வருஷம் முழுக்கக் கவனிக்க வேண்டியது இது. லேபிளில் ஈ471 என்று வரும் சேர்க்கைப் பொருள் (எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்ப்பது) தாவரக் கொழுப்பிலிருந்தும் வந்திருக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வந்திருக்கலாம். லேபிளைப் பார்த்தே சொல்ல முடியாது, கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் பாக்கெட்டானால் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி தேடுங்கள், அதுதான் சைவ அடையாளம்.

கேள்வி: சான்ஹா (தென்னாப்பிரிக்க தேசிய ஹலால் ஆணையம்), எம்.ஜே.சி. (முஸ்லிம் ஜுடிஷியல் கவுன்சில்) என்று பல ஹலால் முத்திரைகள். எது அரசாங்கத்துடையது?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: எதுவுமில்லை. இவை சமய அமைப்புகள் தருபவை, எம்.ஜே.சி. கேப் டவுனில் 1945-இலும், சான்ஹா 1996-இலும் தொடங்கியவை. அமைப்பின் பெயரில்லாமல் வெறும் பிறையும் அரபு எழுத்துமாக இருந்தால் நம்பாதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சந்தேகம் வந்தால் பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். பேட்ச் எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து, பில்லோடு அந்த அமைப்புக்கே அனுப்புங்கள்.