பாலைவனக் கற்றாழைச் சாறு வாங்கலாமா?

சிங்கப்பூரின் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில் தொட்டிச்செடி வளர்க்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பாலைவனக் கற்றாழைச் சாறு என்று இணையத்தில் அரை லிட்டர் 45 வெள்ளிக்கு விற்கிறார்கள். ஒரு தடவை ஊற்றினால் 2 வாரம் தண்ணீரே வேண்டாமாம். என் கறிவேப்பிலை வாடிக்கொண்டே போகிறது. வாங்கலாமா?"

வேண்டாம். பாலைவனக் கற்றாழை என்று இவர்கள் சொல்வது ஆனைக்கற்றாழை (அகேவ்) வகை. அது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். தடித்த இலையில் நீரைத் தேக்கிக்கொள்ளும். அது அந்தச் செடியின் உடல்வாகு. சாற்றைப் பிழிந்து ஊற்றினால் கறிவேப்பிலைக்கு வந்துவிடாது.

சாற்றில் வேலை செய்வது சப்போனின். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரைக்கிறதே, அதே வகைப் பொருள். காய்ந்த மண்ணுக்குள் தண்ணீர் இறங்க உதவும், அவ்வளவுதான். உங்கள் சிக்கலும் அதுவாகவே இருக்கலாம். வாசல் தொட்டியில் மழை படாது. பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) கலந்த மண்கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து தட்டில் நிற்கும். விரலை 2 அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால், தொட்டியை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பூந்திக்கொட்டை வாங்கி, 2, 3 தோலை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். தட்டில் நிற்பதை உடனே கொட்டிவிடுங்கள், கொசு வரும்.

விற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படி வரும் சரக்கு, அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் வளரும் யுக்கா என்ற செடியின் சாறாகவும் இருக்கலாம். ஆனைக்கற்றாழைக்கு உறவுதான், ஆனால் வேறு செடி. மொத்தமாக வாங்கி, நீர் கலந்து, சின்ன பாட்டிலில் அடைத்துப் பெயரை மாற்றியிருக்கவும் கூடும். குலுக்கி நுரை காட்டுவார்கள், நம்பாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் நுரைக்கும். செடியின் பெயர், எத்தனை சதவீதம், எவ்வளவு நீரில் கலப்பது, இந்த மூன்றும் லேபிளில் இல்லையென்றால் தொடாதீர்கள். ஷாம்பு பாட்டிலில்கூட உட்பொருள் பட்டியல் இருக்கிறது. மண்ணில் ஊற்றி, நாம் பறித்துத் தின்னும் கீரைக்குப் போவதை மட்டும் இப்படி மொட்டையாக விற்க ஏன் விடுகிறார்கள்? எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மீன் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும். அதைக் கொண்டு மீன் பிடித்த பழக்கமே உலகில் பல இடங்களில் உண்டு. கற்றாழை, யுக்கா, பூந்திக்கொட்டை எல்லாவற்றிலும் இது இருக்கிறது. கலக்கிய வாளியை மீன்தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம். வடிந்த நீர் அல்லிக் குளத்தில் சேரக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் கப்பி மீன் வைத்திருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊற்றுங்கள்.