காசிமேடு துறைமுகக் கட்டுரைக்கு ஆங்கில இணைப்பு வராதது பற்றி

தமிழ் விக்கிப்பீடியாவில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பற்றி எழுதினீர்கள், ஆங்கிலக் கட்டுரையுடன் இணைக்கப் போனால் 'ஏற்கெனவே வேறு உருப்படியில் உள்ளது' என்று பிழை வருகிறது, சரிதானே? கட்டுரையில் தவறில்லை நண்பரே. சிக்கல், எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவில்.

முன்பெல்லாம் கட்டுரையின் அடியிலேயே ஒவ்வொரு மொழி இணைப்பையும் கையால் எழுதுவோம். 2012இல் விக்கித்தரவு வந்தது. அடுத்த ஆண்டே அந்த வேலை அங்கே போய்விட்டது. ஒரு பொருளுக்கு ஒரு உருப்படி, அதற்கு 'கியூ' எண். ஒரு மொழிக் கட்டுரை ஒரே உருப்படியில்தான் இருக்க முடியும். உங்கள் கட்டுரைக்கு யாரோ, பெரும்பாலும் தானாகத் திருத்தம் செய்யும் நிரலான தானியங்கி (bot) ஒன்று, தனி உருப்படி தொடங்கியிருக்கும். ஆங்கிலத்துக்கு ஏற்கெனவே வேறொன்று.

இரண்டும் ஒரே பொருள்தான் என்றால் ஒன்றிணைத்துவிடுங்கள். பழைய எண் நிற்கும், புதியது அதற்கு வழிமாற்றாகும், அதாவது புதியதைத் திறந்தாலும் பழையதற்கே போகும்.

ஆனால் முதலில் இரண்டு உருப்படிகளிலும், அது எந்த வகைப் பொருள் என்று சொல்லும் வரியைப் (ஆங்கிலத்தில் 'instance of') பாருங்கள். ஒன்றில் 'துறைமுகம்', மற்றதில் 'குடியிருப்புப் பகுதி' என்றிருந்தால் கை வைக்காதீர்கள். ராயபுரம் ஊரையும் ராயபுரம் ரயில் நிலையத்தையும் நான் ஒருமுறை அவசரத்தில் சேர்த்துவிட்டு, பிரிக்க ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

அப்புறம், உடனே இணைப்பு தெரியாவிட்டால் கட்டுரையைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஒருமுறை சேமியுங்கள்.